பி சைடும் கேட்கணும்

பழைய ஆல்பம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் மேடையில் வாசிப்பது ராக் உலகில் ஒரு சடங்காகிவிட்டது. இருபதாம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு வருகிறார்கள். கிட்டத்தட்ட நம் சஷ்டியப்தபூர்த்தி மாதிரிதான். அதே மாப்பிள்ளை, அதே பெண், கொஞ்சம் தொப்பை.

இதில் ஒரு சிக்கல். அடுத்து என்ன பாட்டு என்பது வந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சஸ்பென்ஸே கிடையாது. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஓசியில் கேட்கலாம். பிறகு ஏன் ஜனங்கள் காசு செலவழித்துக்கொண்டு ஓடுகிறார்கள்?

நானும் ஓடினேன். டிசம்பர் 15, 2019. நவி மும்பை, நெருளில் இருக்கும் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். அயர்லாந்தின் யு2 குழுவுக்கு இந்தியாவில் அதுதான் முதல் கச்சேரி. அவர்களுடைய 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பம் 1987 மார்ச்சில் வந்தது. முப்பது வயது ஆனதைக் கொண்டாட 2017ல் கிளம்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றி, மும்பையில் முடித்தபோது ஆல்பத்துக்கு முப்பத்திரண்டு ஆகியிருந்தது. கல்யாண நாளைத் தள்ளிக் கொண்டாடுவது நமக்கென்ன புதுசா?

அந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது 1988ல், கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில். ஒரு அறை, நான்கு பேர். ஹாஸ்டலில் ஊர்தானே பேர்? மாம்பலம், மதுரை, தஞ்சாவூர், நான். கேஸட் தஞ்சாவூருடையது. அவன் அத்தை பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. பகலெல்லாம் இளையராஜா, ராத்திரி பத்து மணிக்கு மேல் தஞ்சாவூர் ராஜ்ஜியம்.

அதில் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஃபார்வர்டு, ரிவைண்ட் இரண்டும் கூடாது. ஹிட்டான மூன்று பாட்டும் ஏ சைடில் வரிசையாக முதலிலேயே வந்துவிடும். அதை மட்டும் கேட்டுவிட்டு மதுரை தூங்கப் போனால் விடமாட்டான். "உட்காருடா. பி சைடும் கேட்கணும்."

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆல்பத்தில் சில பாட்டுகளை மிக்ஸ் பண்ணிக் கொடுத்தவர் ஸ்டீவ் லில்லிவொய்ட். அவர் மனைவி கிர்ஸ்டி மெக்கால், தானே ஒரு நல்ல பாடகி. 'முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இவை, நடுவில் உங்களுக்குப் பிடித்த மாதிரி அடுக்குங்கள்' என்று அவரிடம் விட்டுவிட்டார்கள். அவர் அடுக்கிய வரிசைதான் அது. தஞ்சாவூருக்கு இது தெரியாது. தெரியாமலே காப்பாற்றினான்.

யு2 என்பது நான்கு பேர். 1976ல் டப்ளினில் லாரி முல்லன் என்ற பதினான்கு வயதுப் பையன், 'டிரம்ஸ் வாசிப்பேன், சேர ஆள் தேவை' என்கிற ரீதியில் ஸ்கூல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன் சேர்ந்தார்கள். மும்பைக்கு வந்ததும் அதே நான்கு பேர். பணம், புகழ், ஈகோ எல்லாவற்றையும் தாண்டி நாற்பத்து மூன்று வருடம்.

எங்கள் நால்வர் அணி அவ்வளவு தாங்கவில்லை. மாம்பலமும் மதுரையும் சேர்ந்து தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மனை வாங்கினார்கள். தாய்ப் பத்திரத்தில் வில்லங்கம். 2003ல் பேச்சு நின்றது. இரண்டு பேர் சொல்லும் கணக்கும் என்னிடம் இருக்கிறது. எதைக் கூட்டினாலும் சரியாகத்தான் வருகிறது. 2014ல் தஞ்சாவூர் மாரடைப்பில் போனான். அவன் வீட்டு வாசலில்கூட இவர் ஒரு மூலை, அவர் ஒரு மூலை.

மும்பைக் கச்சேரி அறிவிப்பு வந்ததும் மூன்று டிக்கெட் எடுத்தேன். இன்னொருத்தன் வருவதை இருவரிடமும் மறைக்கவில்லை. "அவன் வந்தா எனக்கென்ன? நான் பாட்டு கேட்க வர்றேன்" என்று வார்த்தை மாறாமல் இருவரும் சொன்னார்கள். நடு சீட் எனக்கு. ரொம்ப வசதியான சுவர் நான்.

முதலில் சில பழைய பாட்டுகளை, ஜனங்களுக்கு நடுவே நீண்டிருந்த சின்ன மேடையில் பாடினார்கள். பிறகு நான்கு பேரும் நடந்து பெரிய மேடைக்குப் போக, பின்னால் 200 அடி அகலம், 45 அடி உயரத் திரை ரத்தச் சிவப்பாக எரிந்தது. 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' ஆரம்பம். எட்ஜின் கிடார் தூரத்திலிருந்து மெதுவாக வர வர, பக்கத்தில் மாம்பலம் முழங்காலில் பட்டை கட்டிய நிலையில் குதித்தான். திரையில் ஆன்டன் கார்பைன் எடுத்த பாலைவனச் சாலை ஓடிக்கொண்டே இருந்தது. ஆல்பத்துக்காக 1986ல் கலிஃபோர்னியாவில் அவர் படம் பிடித்த மரம் 2000 வாக்கில் விழுந்துவிட்டது. மேடையில் மட்டும் நிமிர்ந்து நின்றது.

ஏ சைட் முடிந்தது. பி சைடின் முதல் பாட்டு 'ரெட் ஹில் மைனிங் டவுன்', பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றியது. 2017 வரை அதை அவர்கள் மேடையில் பாடியதே இல்லை. முப்பது வருஷம்! ஆல்பத்தை வரிசையாகப் பாடித் தொலைய வேண்டியிருந்ததால்தான் அதற்கு விடிவு வந்தது.

ஒன்பதாவது, 'ஒன் ட்ரீ ஹில்'. கிரெக் கேரல் என்ற நியூசிலாந்து மவோரி இளைஞர் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்து, நண்பராகி, டப்ளினுக்கே வந்துவிட்டார். 1986 ஜூலையில் போனோவின் மோட்டார்பைக்கை ஓட்டிப் போனபோது விபத்தில் இறந்தார். உடலோடு நியூசிலாந்து போய்த் திரும்பிய பின் எழுதிய பாட்டு. ரெக்கார்டிங்கில் போனோ ஒரே ஒரு தடவைதான் பாடினாராம். இரண்டாம் முறை பாட முடியவில்லை.

பாட்டு பாதி போயிருக்கும். மதுரை நேராக மேடையைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னான்:

"இதைத் திருப்பிப் போடவே விடமாட்டான்ல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாம்பலம் குரல் வந்தது.

"அடுத்த பாட்டு வருதுல்ல, கேளுடாம்பான்."

பதினாறு வருடத்தில் முதல் வார்த்தை. நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். தண்ணீர் பாட்டில் என் காலடியிலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது கடைசிப் பாட்டு. அர்ஜென்டினா போன்ற தேசங்களில் ராணுவ ஆட்சி கொண்டுபோன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களைப் பற்றியது. மாம்பலம் என் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஆல்பத்துக்கு அப்புறம் ஏ.ஆர். ரஹ்மான் மகள்கள் கதீஜா, ரஹீமாவுடன் மேடைக்கு வந்தார். 'அஹிம்சா' என்று யு2வோடு சேர்ந்து செய்த பாட்டு. அதில் திருக்குறள் வருகிறது. "டப்ளின்காரன் மேடையில வள்ளுவர்டா!" என்று மதுரை கத்தினான். மாம்பலத்தின் காதில்.

மனை விவகாரம் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். வில்லங்கம் அப்படியேதான் இருக்கிறது. சண்டையையே இப்போது போனில் பேசிப் போடுகிறார்கள், அதுவே முன்னேற்றம். மூன்று மாதத்தில் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்தியது. 2023ல் லாஸ்வேகாஸில் யு2 மறுபடி ஒரு பழைய ஆல்பத்தோடு நீண்ட கச்சேரித் தொடர் நடத்தினார்கள். லாரி முல்லன் உடம்பு சரியில்லாததால் வரவில்லை. நோட்டீஸ் ஒட்டிய பையன் இல்லாமல் வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார்.

அடுத்து என்ன பாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும்தான். அடுத்த சீட்டில் யார் இருப்பார் என்பது தெரியாது. உங்களுக்கும் இப்படி இரண்டு மூலை நண்பர்கள் இருந்தால், ஏதாவது கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். நடு சீட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கும்.