யாரும் கேட்காத கேள்வி

சாம்பல் நிறச் சட்டை, நீலப் பேன்ட், கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் ஒரு கட்டு கயிறு. சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கோலத்தில் ஐம்பது வயசு ஆசாமி ஒருவர் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவர் சாரண ஆசிரியர். வாரம் முழுக்க ஆபீஸில் ஃபைல் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் இருபத்து நாலு பையன்களோடு மைதானத்தில் நிற்கப் போகிறார். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

பையனைச் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள்.

முதல் கேள்வி: “சார், இதுக்கு உங்களுக்கு என்ன தர்றாங்க?”

ஒன்றும் தருவதில்லை. கயிறு, விசில், முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு, முகாமுக்குப் போனால் மறந்துவிட்டு வந்தவனுக்கு ஒரு தட்டு என்று நம் கையிலிருந்துதான் போகும். “ஏங்க, ஊர்ல எல்லாரும் காசு வாங்கிட்டு ட்யூஷன் எடுக்கறாங்க, நீங்க காசு குடுத்து எடுக்கறீங்க” என்பது வீட்டம்மாவின் நிரந்தர விமர்சனம். மறுப்பதற்கில்லை.

இரண்டாவது கேள்வி: “சர்டிபிகேட் கிடைக்குமா?”

கிடைக்கும். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ராஜ்ய புரஸ்கார் வாங்கி, அதற்கும் மேலே போனால் ராஷ்டிரபதி விருது. ரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுப்பதும் உண்டு. நடுத்தரக் குடும்பத்து அப்பா இதைக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. பையனின் சனிக்கிழமையைத் தருகிறார், பதிலுக்கு என்ன என்று கேட்கிறார். நியாயம்தானே?

ஆனால் சர்டிபிகேட்டில் எழுத முடியாத ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற சின்ன ஊரை எதிரிகள் முற்றுகையிட்டார்கள். 217 நாள் நீடித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ராணுவ அதிகாரி பேடன் பவல். பெரியவர்கள் எல்லாம் துப்பாக்கியோடு நிற்க, கடிதம் கொண்டு போவது, சேதி சொல்வது போன்ற வேலைகளைப் பையன்கள் பார்த்தார்கள். சைக்கிளிலும் போனார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் தாங்குவார்கள் என்று அவருக்குப் பட்டது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்ஸீ என்ற தீவுக்குச் சுமார் இருபது பையன்களைக் கூட்டிப் போனார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பாதி, தொழிலாளி வீட்டுப் பையன்கள் மீதி. நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் அவர்களிலேயே ஒருவனைத் தலைவனாக்கினார். இன்றைக்கும் சாரணப் படையின் உயிர்நாடி அதுதான். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அணித்தலைவன் பதிமூன்று, பதினாலு வயசுப் பையன். ஆசிரியர் அவனிடம் சொல்வார். அவன் மற்றவர்களிடம் சொல்வான். ஆசிரியர் நேரே புகுந்து அதிகாரம் பண்ணக் கூடாது.

இந்தியாவுக்கு இயக்கம் 1909-லேயே வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்காரப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும் மட்டும்தான். நம் பையன்களுக்கு இடமில்லை. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சேர்ந்து நம் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் ஆரம்பித்தார்கள். பிற்பாடு பல சங்கங்கள் பிரிந்தும் சேர்ந்தும், கடைசியில் 1950 நவம்பர் 7-ம் தேதி பிறந்ததுதான் இப்போதிருக்கும் பாரத சாரண சாரணியர் இயக்கம். 2025 ஜனவரிக் கடைசியில் அதன் வைரவிழா ஜாம்போரி மணப்பாறையில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

சரித்திரம் போதும். ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

ஏலகிரியில் இரண்டு நாள் முகாம். அணிக்கு ஓர் அடுப்பு. அவரவர் சமையல் அவரவர் பொறுப்பு. மத்தியானம் பெய்த மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. மான் அணிப் பையன்கள் கெட்டிக்காரர்கள். விறகைப் பிளந்து, உள்ளே ஈரம் ஏறாத பகுதியைச் சீவி எடுத்து, ஏழு மணிக்குச் சோறு வடித்துவிட்டார்கள். மயில் அணியின் அடுப்பிலோ புகை மட்டும்தான். எட்டு மணி ஆயிற்று. அரிசி அரை வேக்காடு. ஆறாவது படிக்கிற பொடியன் ஒருவன், முதல் முகாம், முழங்காலில் முகம் புதைத்து அழ ஆரம்பித்தான்.

என் பையில் இரண்டு பாக்கெட் பிரெட் இருந்தது.

சாரண ஆசிரியரின் வேலை மைதானத்தில் விசில் அடிப்பது என்று நினைக்கிறீர்களா? அது யாராலும் முடியும். அந்த மாதிரி நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே, அதுதான் வேலை. பிரெட்டை எடுத்து நீட்டினால் ஒரு நிமிஷத்தில் அழுகை நிற்கும். அதோடு அணித்தலைவனின் தலைமையும் முடிந்துபோகும். ‘சார் இருக்காரு, பார்த்துக்குவாரு’ என்றாகிவிடும். எட்டரை வரைக்கும் பார்ப்பது, அதற்கு மேல் தாமதிப்பதில்லை என்று நானும் உடன் வந்த இன்னோர் ஆசிரியரும் பேசி வைத்துக்கொண்டோம்.

எட்டேகாலுக்கு மயில் அணித்தலைவன் என்னிடம் வந்தான். எட்டாவது படிக்கிறவன். அதிகம் பேச மாட்டான்.

“சார், மான் அணிகிட்ட சோறு கடன் கேக்கலாமா? ரூல்ஸ்ல இருக்கா?”

“ரூல்ஸ்ல எதுவும் இல்ல. உன் அணியைக் கேட்டியா?”

திரும்பிப் போனான். ஏழு பேரும் தலையை முட்டிக்கொண்டு பேசினார்கள். பிறகு மான் அணியிடம் போய், “உங்க சோத்துல பாதி குடுங்க. நாளைக்குக் காலைல உங்க பாத்திரம் பூரா நாங்க தேய்க்கறோம்” என்று ஒப்பந்தம் பேசினான். சோறு வந்தது. முதல் கவளம் அழுத பொடியனுக்கு. அணித்தலைவன் கடைசியாகச் சாப்பிட்டான். அப்படிச் சாப்பிடும்படி நான் சொல்லித் தரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏழு பேரும் குழாயடியில் கரி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொடியன்தான் ரொம்ப உற்சாகம்.

இங்கேயே முடித்திருந்தால் இது நீதிக்கதை. முடியவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் பொடியனின் அம்மா போன் செய்தார்.

“என் புள்ளைய எட்டரை மணி வரைக்கும் பட்டினி போட்டீங்களாமே?”

வீட்டுக்கே போனேன். ஒரு மணி நேரம் கேள்விமேல் கேள்வி. ராத்திரி அவனோடு கூடாரத்தில் யார் யார் படுத்தார்கள்? பெரியவர்கள் எங்கே படுத்தார்கள்? நீங்க ஒருத்தர்தானா, கூட இன்னொருத்தர் உண்டா? பாம்பு கடிச்சா எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம்? போகும்போது கோபமாக இருந்தது. வரும்போது சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வியை அந்த அம்மாள்தான் கேட்டார்: ‘நீ யார்? உன்னை நம்பி என் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்?’

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே சாரணர் அமைப்பு 2020-ல் திவால் மனு போட்டது. சின்ன வயதில் தங்களிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கோரினார்கள். 246 கோடி டாலருக்கு உடன்பாடு. பெரும்பாலும் பழைய காலத்துக் கொடுமைகள். சீருடைக்கு இருந்த மரியாதையே அந்த ஆட்களுக்குத் திரையாக இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தியது போலி முகாம் என்று, ஒரு சிறுமிக்கு அநியாயம் நடந்த பிறகுதானே தெரிந்தது?

அதனால் சொல்கிறேன். உங்கள் பிள்ளையைச் சாரணர், கராத்தே, கிரிக்கெட், பாட்டு வகுப்பு, எங்கே அனுப்பினாலும் சரி, கேளுங்கள். இயக்கத்தில் பதிவு உண்டா? பயிற்சி பெற்றவரா? எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா? ஒரு பெரியவர், ஒரு குழந்தை என்று தனியாக இருக்க நேராத ஏற்பாடு உண்டா? பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு வேறு கூடாரமா? சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் முகாமுக்கு வந்து பார்க்கலாமா? கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்விகளால் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த அம்மாள் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பையனை நிறுத்தவில்லை. அடுத்த முகாமுக்குச் சாமான் லிஸ்ட் சரிபார்க்க அவரே வந்து உட்கார்ந்தார். “தீப்பெட்டிய பாலிதீன் பையில சுத்தி வைக்கச் சொல்லலையா?” என்று என்னைக் கேட்டார். ‘தயாராக இரு’ என்பதுதானே எங்கள் குறிக்கோள், அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று விதி சொல்கிறது. பல படைகளில் ஒருவர் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்களிடம் இருந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். முறையாகப் பயிற்சி தருவார்கள். முடிச்சுப் போடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பையன்கள் சொல்லித் தருவார்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.