கை நிறையக் கொடு, வாய் நிறையச் சிரி

இப்படி வாழ வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல அம்பிட்டியவில் இருக்கும் நாங்கள் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கிருந்து குண்டசாலை அதிக தூரமில்லை. அந்தப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய சின்னசாமி முத்தையா குடும்பத்தில், 1972 ஏப்ரல் 17-இல், நான்கு ஆண்பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன். அவர் எடுத்த விக்கெட்டுகளின் கணக்கு ஊருக்கே தெரியும். அந்தக் கணக்கில் சேராத அவருடைய குணத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன்.

அவருடைய பாட்டனார் 1920-இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிறகு அவர் ஊர் திரும்பிவிட்டார். பிள்ளைகளில் முத்தையா இங்கேயே தங்கி உழைத்து முன்னுக்கு வந்தார். 1977-இல் தமிழருக்கு எதிரான வன்செயல் வந்தது. தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். முத்தையாவை வெட்டினார்கள். மூத்த பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அந்த நாட்களை நேரில் பார்த்த எங்கள் தலைமுறைக்கு, அப்படியொரு வீட்டில் அடுத்த நாள் பொழுது எப்படி விடிந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போகவில்லை. அதே மண்ணில் தொழிலை மறுபடி தொடங்கினார். மகனைக் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில், எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் படிக்கவும் விளையாடவும் விட்டார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன செய்தார் என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் காலிக்குப் பக்கத்திலுள்ள சீனிகம கிராமத்தில் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு அவர் போக வேண்டியிருந்தது. போய்ச் சேரச் சற்றுத் தாமதமானது. அதனால் ஆழிப்பேரலையிலிருந்து தப்பினார். உயிர் தப்பியதே போதும் என்று வீட்டில் இருந்துவிடவில்லை. லொறி லொறியாக உணவுப் பொருட்களை ஏற்றி, பாதிக்கப்பட்ட மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தானே முன்னின்றார். நண்பர் குஷில் குணசேகரவின் நற்பணி அமைப்போடு சேர்ந்து சீனிகமவில் வீடுகள் எழும்பத் தோள் கொடுத்தார். வெட்டுப்பட்ட தமிழரின் மகன், வீடிழந்த சிங்களக் குடும்பங்களுக்கு வீடு கட்ட உழைத்தார். அவருடைய வாழ்க்கையில் என்னைக் கும்பிட வைப்பது இதுதான். போர் முடிந்த பின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள பிள்ளைகளை ஒரே மைதானத்தில் விளையாட வைக்கும் முயற்சியிலும் அவர் நின்றார். அவருடைய அரசியல் பேச்சுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக ஒருவர் செய்த நன்மையை இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

இனி அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டும். 1995-இல் மெல்பேர்ன் மைதானத்தில், உலகமே பார்த்திருக்க, அவர் வீசிய பந்துகளை முறையற்றவை என்று நடுவர் திரும்பத் திரும்ப அறிவித்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத கை அது. ஆய்வுகூடத்தில் கையை நீட்டிச் சோதிக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குப் பல தடவை போய் நின்றார். வேறொருவராக இருந்தால் முகம் கடுத்துப் போயிருக்கும். இவரோ ஓய்வறையில் ஓயாமல் கதை பேசி, கேலியும் கிண்டலுமாக எல்லோரையும் சிரிக்க வைப்பவர் என்றே பேரெடுத்தார். 2007 டிசம்பர் 3-ஆம் திகதி நம் அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்து வீரர் கோலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து, ஷேன் வோர்னின் 708 என்ற சாதனையைக் கடந்தபோதும் அதே சிரிப்புத்தான்.

விட்டுக்கொடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 792 விக்கெட்டுகளோடு நின்றபோதே, காலியில் நடக்கும் அடுத்த போட்டிதான் தன் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டார். எண்ணூறுக்கு எட்டு வேண்டும். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று இறங்கினார். 2010 ஜூலை 22-ஆம் திகதி, தன் கடைசி டெஸ்ட் பந்தில், இந்திய வீரர் ஓஜாவின் மட்டையில் பட்டு ஸ்லிப்பில் நின்ற சக வீரர் மஹேலவின் கைக்குப் போன பிடியோடு எண்ணூறு நிறைந்தது. அத்தோடு டெஸ்ட் ஆட்டத்துக்கு விடைகொடுத்தார்.

கொடுப்பதற்கு முதலில் காசு சேர வேண்டும், சிரிப்பதற்கு முதலில் கவலை தீர வேண்டும் என்று நாம் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அப்படியொரு நாள் யாருக்கும் வருவதில்லை. கையில் இருப்பதில் கொஞ்சம் இன்றைக்கே கொடுக்கலாம். இருக்கிற கவலையோடேயே வீட்டாரோடு உட்கார்ந்து சிரிக்கலாம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆனால் பகையை மட்டும் அவர்கள் பேரில் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.