762 வளைவுகளும் ஒரு முத்திரையும்

வட தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலைச் சிற்றூருக்கு சுமார் 130 கி.மீ.; வளைவுகள் 762. மோட்டார் சைக்கிளில் இதைக் கடக்காவிட்டால் பல சுற்றுலாப் பயணிகளுக்குத் திருப்தியில்லை. வாடகைக் கடைகளில் லைசென்ஸைவிட பாஸ்போர்ட்டுக்குத்தான் மரியாதை. போலீஸ்காரர் கேட்பதோ சர்வதேச ஓட்டுநர் உரிமம். அதுவும் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை வேண்டும். கார் முத்திரை உதவாது. இந்தியர்கள் விமானம் ஏறும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ரூ. 1,000 கட்டி வாங்கிவிட வேண்டும். ஓராண்டு செல்லும். இல்லாமல் பிடிபட்டால் அபராதத்தோடு போகலாம். வளைவில் சறுக்கி எலும்பு முறிந்தால்தான் வினை: உரிமமில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். ஆஸ்பத்திரி பில் குடும்பத்தின் தலையில்.