பென்சிலில் எழுதிய டூட்டி லிஸ்ட்

17-பி என்றால் என்னவென்று எனக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரியும். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17-ஏ சின்னத் தண்டனைக்கு, 17-பி பெரிய தண்டனைக்கு, வேலையே போகலாம் என்கிற விவரமெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாருக்கு 17-பி வந்திருக்கிறதோ அந்த வீட்டு அத்தை எங்கள் அடுக்களைக்கு வந்து நின்றுகொண்டே அழுவாள். அம்மா டீ போட்டுக் கொடுத்து, "பதில சுருக்கமா எழுது" என்பாள். கடைசியில் எழுதிக் கொடுப்பதும் அம்மாதான். கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

கார்பன் தாள் தீர்ந்துபோன நாட்களில் நகல் எடுக்கிற வேலை எனக்கு. குற்றச்சாட்டில் வார்டு எண், தேதி, மணி, மருந்தின் பெயர் எல்லாம் இருக்கும். 'கவனக்குறைவாக' என்ற சொல் தவறாமல் இருக்கும். அந்த இரவில் அந்த சிஸ்டருக்கு எத்தனை கட்டில்கள், தொடர்ச்சியாக அது எத்தனையாவது இரவு, கூட வரவேண்டியவர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் இருந்ததாக ஞாபகம் இல்லை. பதிலிலாவது எழுதலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அத எழுதினா மேட்ரன குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்டா" என்றாள்.

அம்மா தெற்கத்தி ஊர் ஒன்றின் பெரியாஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எண்பதுகள். இரவு எட்டு மணிக்குப் போனால் காலையில் ஏழு மணிக்கு மேல்தான் வருவாள். வந்ததும் தூங்கிவிட முடியாது. எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், அப்பா தாலுகா ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். பிறகு ஜன்னலில் ஒரு கருநீலச் சேலையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் படுப்பாள். பத்து மணிக்கு மீன்காரி. பதினொன்றுக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். மத்தியானம் ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். அம்மா பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. விடுமுறையில் வீட்டிலிருந்து பார்த்த நாட்களை வைத்துச் சொல்கிறேன், தூக்கம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அது நீண்டதேயில்லை.

எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. சிரிப்புக் கதையாகத்தான் முதலில் கேட்டேன். குழந்தைகள் வார்டில் விடியற்காலை நான்கு மணி. ஒரு சிஸ்டர் ஆம்பிசிலின் பொடியைக் கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலை எடுத்து உடைக்கப் போகிறாள். பக்கத்தில் டிரேயைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா, "சிஸ்டரம்மா, இது பாட்டில்ல ஊத்துற மருந்துல்லா?" என்கிறார். ஆயாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்டோரிலிருந்து அந்த அட்டைப் பெட்டிகளைத் தினமும் சுமந்து வருகிறவர். ஆம்பியூலின் கழுத்து நீளத்தை வைத்தே எது என்ன என்று சொல்லிவிடுவார். சிஸ்டர் கையில் இருந்தது கே.சி.எல். பொட்டாசியம் குளோரைடு. அதை டிரிப்ஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மருந்து. அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

ஆயாம்மா சிஸ்டரையே பரீட்சையில் தோற்கடித்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். குழந்தை பிழைத்தது, யாரும் எதையும் எழுதவில்லை, 17-பி இல்லை. மறுநாள் இரவும் இரண்டு ஆம்பியூல்களும் அதே டிரேயில்தான் கிடந்தன என்பதை அம்மா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 1998இல் விபத்து எச்சரிக்கைகளை வெளியிட ஆரம்பித்தபோது, முதல் எச்சரிக்கையே அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு பற்றியதுதான். அதை வார்டு அலமாரிகளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார்கள். படித்ததும் எனக்கு அந்த ஆயாம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு இந்த மாதிரியான செய்திகள் கண்ணில் பட்டால் கத்தரித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்படிக் கிடைத்தவள் லிபி ஜயன். 18 வயது. 1984 மார்ச் 4ஆம் தேதி இரவு, காய்ச்சலும் நடுக்கமுமாக நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். எங்கள் வீட்டு ஜன்னலில் கருநீலச் சேலை தொங்கிய அதே காலம். மனச்சோர்வுக்காக பினெல்சின் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள். நடுக்கத்தை அடக்க அவளுக்குப் பெத்திடின் கொடுத்தார்கள். இரண்டும் சேரக் கூடாதவை. அவளைப் பார்த்த முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் அந்த இரவில் வேறு நாற்பது பேரையும் பார்க்க வேண்டியிருந்தது. அவள் திமிறுகிறாள் என்று நர்ஸ் சொன்னபோது, கட்டிப் போடும்படி போனிலேயே உத்தரவு வந்தது. காலையில் காய்ச்சல் 107 டிகிரி. காப்பாற்ற முடியவில்லை.

அவள் அப்பா சிட்னி ஜயன் பத்திரிகையாளர், முன்னாள் அரசு வழக்கறிஞர். மனிதர் விடவில்லை. மருத்துவர்கள்மீது கொலை வழக்கு வேண்டும் என்றார். 1986இல் கூடிய கிராண்ட் ஜூரி குற்றவழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆனால் 36 மணி நேரம் தூங்காமல் வேலை பார்க்கும் முறையைக் கடுமையாகச் சாடியது. பெர்ட்ரண்ட் பெல் என்ற மருத்துவர் தலைமையில் குழு அமைத்தார்கள். 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம் என்று எல்லை போட்டது. 80 மணி நேரம் என்பதைச் சீர்திருத்தம் என்று கொண்டாட வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. நாடு முழுவதும் அந்த எல்லை வருவதற்கு 2003 வரை ஆனது.

நம்மூரில் காகிதம் முன்கூட்டியே வந்துவிட்டது. பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது என்று 1992இலேயே மத்திய சுகாதாரத் துறை எழுதிவிட்டது. எனக்குத் தெரிந்த எந்த ஹவுஸ் சர்ஜனும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததில்லை. நம் காகிதங்களுக்கே உள்ள ராசி.

1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு பேர் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவருடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வழக்கு. தூக்கமின்மையை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கிற கருவி இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அப்போது ஓய்வு பெற்றிருந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்கு அது நாலாவது நைட்டு" என்றாள். எந்தப் பிள்ளைக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. "அதான், கே.சி.எல். எடுத்தால்லா, அவளுக்கு. மூணோட முடிஞ்சிருக்கணும். மாத்த வரவேண்டியவளுக்குப் பிரசவ லீவு. வீட்ல இவ மகனுக்கு அம்மை. பகல்ல கண்ண மூடல." இத்தனை வருஷம் கேட்ட கதையில் இது இருந்ததேயில்லை. அவளுக்கு அந்த நாலாவது இரவைப் போட்டது யார் என்று கேட்டேன்.

"நான்தான்."

அம்மா அப்போது வார்டு இன்சார்ஜ். டூட்டி லிஸ்ட் எழுதும் பொறுப்பு அவளுடையது. அதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீளமான ரெஜிஸ்டரைக் கட்டிலில் விரித்துவைத்து, பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள். தாளே நைந்துபோய்விடும். ஏன் பேனாவால் எழுதுவதில்லை என்று கேட்டதற்கு, ஆள் இருந்தால் பேனாவால் எழுதலாம் என்று சொன்னாள். எட்டுப் பேர் வேலைக்கு ஐந்து பேரை நிரப்புகிற கணக்கு அது. யாராவது ஒருத்தருடைய நைட் ஆஃபைத் தின்னாமல் லிஸ்ட் முடியாது. லீவில் போகிறவர்களுக்கு மாற்றாக 30 சதவீதம் பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்த 30 சதவீதம் எங்கேயிருக்கிறது என்று கேட்டால் அம்மா ரப்பர்த் தூளை ஊதிக் காட்டுவாள்.

பிரசவ லீவு எதிர்பாராத விபத்தா? ஒன்பது மாதம் முன்பே தெரிகிற விஷயம். அதற்கு ஆள் போடாத கையெழுத்து எந்த மெமோவிலும் வராது.

2002இல் லிண்டா ஐகன் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்துக் கணக்கெடுத்தார். ஒரு நர்சின் கையில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. அந்த நர்ஸ் சோர்ந்து நொறுங்கிப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறுகிறது. இரண்டு எண்களும் ஒரே ஆய்வில், ஒரே மூச்சில் வந்தவை. கலிஃபோர்னியா 1999லேயே சட்டம் போட்டு, 2004 முதல் நடைமுறைப்படுத்தி, அடுத்த ஆண்டு பொது வார்டில் ஒரு நர்சுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது என்ற இடத்துக்கு வந்தது. அம்மாவிடம் இந்த ஐந்தைச் சொன்னபோது நம்பவில்லை. ஐசியூவா என்று கேட்டாள்.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நீண்ட டூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்கள் 36 சதவீதம் அதிகமாகக் கடும் தவறுகள் செய்தது தெரிந்தது. சரிதான் என்று கத்தரித்து ஒட்டிவைத்தேன். ஆனால் 2016இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களுக்கும் தளர்த்தாத இடங்களுக்கும் நோயாளிகளின் நிலையில் வேறுபாடு இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஆளைக் கூட்டாமல் மணியை மட்டும் குறைத்தால் அதே வேலை இன்னும் நெருக்கமாக அமுக்கப்படுகிறது, நோயாளி இன்னும் அதிகம் கை மாறுகிறார்.

கை மாறுவது என்றதும் அம்மாவின் 'ஓவர் கொடுப்பது' ஞாபகம் வருகிறது. ஷிஃப்ட் முடிந்து அடுத்த சிஸ்டரிடம் வார்டை ஒப்படைப்பதற்கு அந்தப் பெயர். அம்மா உட்கார்ந்து ஓவர் கொடுத்ததில்லை. கட்டில் கட்டிலாக நடந்து, இவருக்குக் காலையிலிருந்து சிறுநீர் குறைவு, இந்தப் பிள்ளைக்கு இரண்டு மணிக்கு மேல் வலிப்பு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போவாள். ஆனால் தொடர் இரவுகளின் கடைசியில் அவளும் வாசலில் நின்றபடி, "எல்லாம் அப்படியேதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், அவளே சொன்னது. ஓவர் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியதால் மட்டுமே தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு சொல்கிறது. நடந்து சொல்வதற்குக் காலில் தெம்பு வேண்டும். அதை எந்தப் பயிற்சி வகுப்பு தரும்?

அக்கா மகள் 2015இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு நர்ஸ் ஆனாள். வீடே கொண்டாடியது. தொகுப்பூதியம் 7,700 ரூபாய் என்று தெரிந்ததும் அம்மா பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவளும் ஒருத்தி. நோயாளிகளை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் ஒருவர் ஆத்திரப்பட்டபோது, அம்மா டி.வி.யைப் பார்த்தே பதில் சொன்னாள்: "நோயாளிக்காவத்தான்யா உக்காந்திருக்கு." கொரோனா வந்தபோது அக்கா மகள் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள், குடித்தால் கழிவறை போக வேண்டும், போனால் உடையைக் கழற்ற வேண்டும், மாற்று உடை எண்ணிக் கொடுத்தது. மாடியிலிருந்து விளக்கு ஏற்றி, தட்டு தட்டினோம். உலகச் சுகாதார நிறுவனம் அந்த 2020இன் நோயாளி பாதுகாப்பு தினத்துக்கு, ஊழியர் பாதுகாப்பே நோயாளியின் பாதுகாப்பு என்பதைத்தான் பொருளாக வைத்தது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது எல்லோரும் பேசியது அந்தக் கொடுமையைப் பற்றி. பேசத்தான் வேண்டும். அம்மா கேட்டது வேறு: "படுக்கப் போனது செமினார் ஹாலுக்கா?" நீண்ட டூட்டிக்கு நடுவில் அந்தப் பெண் டாக்டர் ஓய்வெடுக்கப் போன இடம் அது. அம்மா காலத்தில் இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு முதுகைச் சாய்ப்பார்கள்.

போன வருஷம் அம்மாவைச் சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பளிங்குத் தரை, லிஃப்டில் வீணை இசை. இரவில் வந்த பெண்ணுக்கு வயது இருபத்திரண்டுக்குள் இருக்கும். அவள் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் பில் விவரம் கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசியில மருந்து எடுக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க, தம்பி." பிறகு அந்தப் பெண்ணிடம், "எத்தன பெட்டும்மா ஒனக்கு?" அவள் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். எண்ணைக் கேட்டதிலிருந்து அம்மா அழைப்பு மணியைத் தொடவில்லை. ராத்திரி தண்ணீர் வேண்டுமென்றால் என்னை எழுப்பினாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கருத்துப் படிவம் தந்தார்கள். உணவு, துப்புரவு, செவிலியரின் புன்னகை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரங்கள். அம்மா புன்னகைக்கு ஐந்தையும் நிரப்பினாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த அச்சுக் கையெழுத்தில், 'இந்த மாடிக்கு இரவில் எத்தனை சிஸ்டர்கள்? தொடர்ந்து எத்தனை நைட்?' என்று எழுதிக் கொடுத்தாள். அப்புறம் ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. உணவு பற்றி ஒன்றும் குறிக்கவில்லையே, இட்லி எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.