90 நாள் அப்பா

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த மிலிட்டரிக்காரர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு ஒருவராவது இருப்பார்.

மண் அப்படி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் சீமைக்கருவேலம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போனார்கள், ரங்கூனுக்குப் போனார்கள், மலேயாவுக்குப் போனார்கள். பிறகு பட்டாளத்துக்குப் போனார்கள். மாதச் சம்பளம், கேன்டீன் சாமான், கடைசியில் பென்ஷன். வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற ஊரில் இதைவிட உறுதியான வெள்ளாமை எது?

அந்த வெள்ளாமைக்கு வீடு கொடுக்கிற விலை மட்டும் எந்தச் சம்பளச் சீட்டிலும் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. மொத்தம் 90 நாள். 20 வருஷ சர்வீஸுக்கு 1,800 நாள். ஐந்து வருஷம்கூட முழுசாக வராது. அதுவும் எல்லா லீவும் தவறாமல் கிடைத்தால்தான். நடுவில் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடும்பத்தைக் கூட்டிப்போனால் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்திருக்கலாம். மற்றபடி, பிள்ளைகளுக்கு அவர் 90 நாள் அப்பா. பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய டிரங்குப் பெட்டியோடு வருவார். வீடு திருவிழாவாகும். பெட்டி திரும்பக் கிளம்பும்போது ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அதன்பிறகு அப்பா என்பது '56 ஏ.பி.ஓ.' என்று முடிகிற ஒரு விலாசம். பின்னாளில் அது செல்போனில் வருகிற ஒரு குரல்.

18 வயதில் சேர்ந்தவர் 20 வருஷம் முடித்து வரும்போது வயது 38. மூத்தது பத்தாம் வகுப்பில் இருக்கும். சின்னதுக்கு இவரிடம் கையெழுத்து வாங்கிப் பழக்கமே இருக்காது; ரேங்க் கார்டை அம்மாவிடம்தான் நீட்டும். பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. சும்மா உட்காரும் வயதும் இல்லை. அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ பேங்க் வாசலில் காவல், மில் வாசலில் காவல். அப்போதுதான் யாராவது ஒருவர் வெளிநாட்டுப் பேச்சை எடுப்பார்.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

முதல் வழி வளைகுடா. ராணுவத்தில் இருந்தவர் என்றால் அங்கே செக்யூரிட்டி வேலைக்கு மதிப்பு உண்டு. ஆனால், குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். காவல் வேலைக்குப் போகிற பலருக்கு அந்தத் தொகை எட்டாது. ஆக, மறுபடி பாரக் போல ஓர் அறை, மறுபடி போனில் குரல். பட்டாளத்திலாவது வருஷத்துக்கு 90 நாள் இருந்தது.

இரண்டாவது வழி, குடும்பத்தோடு போவது. இப்படிப்பட்ட வீடுகளில் முடிவெடுப்பது பெரும்பாலும் மனைவிதான். "இத்தனை வருஷம் நீங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்னு இருந்தது போதும். போனா நாலு பேரும் போவோம். இல்லைன்னா யாரும் போக வேணாம்." வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது டாலர் ஆசையாகத் தெரியும். வீட்டுக்குள் அது வேறு கணக்கு. ஒரே கூரையின் கீழ் 365 நாளும் இருக்க வேண்டும் என்ற கணக்கு.

இந்த ஆசைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1900-களின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து கனடாவின் வான்கூவருக்குப் போய் மர அறுவை மில்களில் வேலை பார்த்த சீக்கியர்களில் பலர், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர்கள். சாம்ராஜ்யத்துக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களுக்குச் சாம்ராஜ்யத்தின் இன்னொரு மூலையில் இடம் இருக்கும் என்று நம்பினார்கள். 1907-ல் அந்த மாகாணம் அவர்களுடைய ஓட்டுரிமையைப் பறித்தது. 1908-ல், சொந்த நாட்டிலிருந்து எங்கும் இறங்காமல் ஒரே பயணமாக வருபவர்களுக்குத்தான் அனுமதி என்று கனடா ஒரு விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படிப் பயணச்சீட்டு வாங்கவே வழி கிடையாது. 'வராதே' என்று நேராகச் சொல்லாமல் சொன்ன விதி அது.

அங்கே பாக் சிங் என்றொருவர் இருந்தார். குதிரைப்படையில் இருந்தவர். நன்னடத்தையோடு பணி முடித்தார் என்று ராணுவம் கொடுத்த சான்றிதழை அவர் 1909-ல் வான்கூவர் குருத்வாராவில் வைத்துத் தீயில் போட்டார். இந்தத் தாள் நமக்கு எந்த மரியாதையையும் வாங்கித் தரவில்லை என்பதுதான் அதன் பொருள். நம் ஊரில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் பூட்டி வைக்கிறவர்களுக்கு, அந்தத் தீயின் சூடு சட்டென்று புரியும்.

பிறகு அவரும், குருத்வாராவில் கிரந்தியாக இருந்த பல்வந்த் சிங்கும் மனைவி மக்களை அழைத்து வர இந்தியா போனார்கள். பல்வந்த் சிங்கும் பட்டாளத்தில் இருந்தவர்தான். நேரடிப் பயணச்சீட்டு கிடைக்கவில்லை. ஹாங்காங்கில் காத்துக் கிடந்து, 1912 ஜனவரியில் வான்கூவர் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்கள் ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள், அதனால் இறங்கலாம். மனைவிகளும் குழந்தைகளும் இறங்கக் கூடாது, திரும்பிப் போக வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். மாதக்கணக்கில் வழக்காடி, மனு எழுதி, கடைசியில் 'கருணை' என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. உரிமை என்று அல்ல. மற்றவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டவும் கூடாது. அந்த 'மற்றவர்கள்' தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் 1914 மே மாதம் 376 பேரோடு வந்த 'கோமகட்டா மாரு' கப்பல், இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. பயணிகளில் முன்னாள் சிப்பாய்களும் இருந்தார்கள். அதற்காகக் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-ல். அதற்குள் 102 வருஷம் ஓடிவிட்டது.

கூர்க்காக்களின் கதையும் இதே ஜாதிதான். 1947-க்குப் பிறகு கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. பிரிட்டனுக்காகப் போரிட்ட நேபாளிகள், ஓய்வு பெற்றபின் பிரிட்டனில் குடியேற முடியவில்லை. 2004-ல் ஒரு பகுதியினருக்கு மட்டும் வாசல் திறந்தது. 1997-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். கூர்க்கா படை அதிகாரி ஒருவரின் மகளான நடிகை ஜோனா லம்லி அவர்களுக்காகத் தெருவில் இறங்கினார். 2009 மே மாதம், நான்கு வருஷமாவது பணியாற்றிய எல்லோரும் மனைவியோடும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடும் குடியேறலாம் என்று அரசு அறிவித்தது.

அந்த '18' எங்கே போய் இடித்தது தெரியுமா? அனுமதி கிடைத்தபோது பலருடைய பிள்ளைகள் அந்த வயதை எப்போதோ தாண்டியிருந்தார்கள். வயதான அப்பாவும் அம்மாவும் பிரிட்டனின் குளிரில், பிள்ளைகள் நேபாளத்தில். சர்வீஸில் இருந்தபோது பிரிந்த குடும்பம், உரிமை கிடைத்த பிறகும் பிரிந்தே கிடந்தது.

இன்றைக்கு இதற்காகக் கப்பலை மறிக்கத் தேவையில்லை. அந்த வேலையைப் புள்ளிக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. திறன் அடிப்படையில் கனடா போகிறவர்களுக்கு 20 முதல் 29 வயது வரைதான் வயதுக்கான முழுப் புள்ளி. 30-லிருந்து அது குறைந்துகொண்டே வந்து, 45-ல் பூஜ்யம் ஆகிவிடும். ஆஸ்திரேலியாவின் திறன் விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டாளத்துக்காரரின் நல்ல வயதெல்லாம் எல்லையிலேயே போய்விட்டது. 15 வருஷம் சர்வீஸ் போட்ட ஜவானை, இங்கே மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். விமானம் ஏறினால் அந்தச் சமானம் செல்லாது. மலைப்பாதையில் ராணுவ லாரி ஓட்டியவரானாலும், கனடாவின் ஒண்டாரியோவில் பெரிய டிரக் உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சியை முதலிலிருந்து முடித்தாக வேண்டும்.

அதனால்தான் இப்படிப்பட்ட குடும்பங்களில் விண்ணப்பம் பல நேரம் மனைவி பெயரில் போகிறது. அவர் நர்ஸாக இருப்பார், அல்லது கம்ப்யூட்டர் படித்தவராக இருப்பார். வயது குறைவு, கையில் பட்டம் இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரியில் ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பார். சமையற்கட்டில் அவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேன்டீன் அட்டையிலும் ஆஸ்பத்திரி அட்டையிலும் இத்தனை வருஷம் 'டிபெண்டன்ட்' என்று இருந்தது மனைவியின் பெயர். விசா தாளில் அந்த இடத்தில் அவருடைய பெயர் வந்து உட்காரும். அங்கே போனதும் மனைவி டியூட்டிக்குப் போவார். ஹவில்தார் சார் டிபன் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவார். 'சார்' என்று கூப்பிடவும் ஆள் இருக்காது. சிலருக்கு இது பெரிய இறக்கமாகப் படும். அதற்குப் பயந்தே போகாதவர்களும் உண்டு. ஆனால், பிள்ளை எந்த வகுப்பில் எந்த வரிசையில் உட்காருகிறது, அதன் சிநேகிதன் யார் என்று அந்த அப்பாவுக்குத் தெரிய ஆரம்பிப்பது அங்கேதான். பாதிப் பேருக்கு வீட்டு வேலையே புதுசு. பதவி போன இடத்தில் அப்பா வந்து நிற்கிறார்.

சரி, எல்லாம் கூடிவந்தது என்றே வைத்துக்கொள்வோம். திண்ணையில் ஒருவர் மிச்சம் இருக்கிறார். அவருடைய அம்மா.

மகன் எல்லையில் இருந்தபோது ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கிடந்தவர். மருமகளோடு சேர்ந்து பேரப்பிள்ளைகளை வளர்த்தவர். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஏய்யா, இனிமே வீட்லதான இருப்பேன்னு சொன்ன?" இதற்குப் பதில் சொல்ல எந்தப் பட்டாளத்துப் பயிற்சியும் உதவாது.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-லிருந்து இருக்கிறது. அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. அட்டை அம்மாவிடம் இருக்கும். கூட்டிப்போகத்தான் ஆள் இருக்காது. கூடவே கனடாவுக்கு அழைத்துக்கொள்ளலாமா? 'சூப்பர் விசா'வில் ஒருமுறை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். அதற்கு மகனுக்கோ மருமகளுக்கோ குறிப்பிட்ட வருமானம் வேண்டும், அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னாலும், "அங்க கண்மாய்க்கரை இருக்குமா?" என்று கேட்கிற அம்மாதான் அதிகம்.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1896-ல் மதுரையிலிருந்து சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலைக்குப் போய், பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். போன மகன் திரும்பவே இல்லை. அவருடைய அம்மா அழகம்மாள், 1916-ல் மகன் இருக்கும் மலைக்கே போய்த் தங்கி, 1922-ல் அங்கேயே கண்ணை மூடினார். அந்த அம்மாவுக்கு விசா தேவைப்படவில்லை.

அதனால் கிளம்பும் முன் குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அம்மாவை மாதாமாதம் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது? அக்காவா, தம்பியா? அதற்குப் பென்ஷனில் எவ்வளவு ஒதுக்குவது? அந்தப் பென்ஷன் நிற்காமல் வர, வருஷத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்கான சான்று தர வேண்டும்; வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகம் வழியாகத் தரலாம். விசா விண்ணப்பங்களில் ராணுவத்தில் இருந்தவர்களுக்கெனத் தனிக் கேள்விகள் வரும்: எந்தப் படை, எந்தப் பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் நல்லது. ஞாபகத்திலிருந்து எழுதித் தேதி மாறிப்போனால், விளக்கம் சொல்லியே நாள் போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் இன்னும் சில வருஷங்களில் தலைகீழாகும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பையனுக்கு நான்கு வருஷம்தான் சர்வீஸ். நான்கில் ஒருவர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் 22, 23 வயதில் ஊர் திரும்புவார்கள். அந்த வயதுக்குக் கனடாவின் புள்ளிக் கணக்கில் குறை இருக்காது. ஆனால் பென்ஷன் கிடையாது. அவர்களுடைய அப்பாக்களுக்குப் பென்ஷன் இருந்தது, வயது போய்விட்டது.

அவர்களும் ஒருநாள் வெளிநாட்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்காருவார்கள். அதில் எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது என்பதை, 90 நாள் அப்பாக்களிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.