துருப்பிடிக்காத கப்பல்

எங்கள் வீட்டில் ‘எம்டன்’ என்றால் நான்தான். சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணி மாட்டாமல் தப்பித்தால் அம்மா சொல்வாள், “சரியான எம்டன்டா நீ.” அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்த கப்பல். ஊரே காலியானதாம். அம்மாவின் பாட்டி கைக்குழந்தையோடு மாட்டுவண்டியில் காஞ்சிபுரம் ஓடினாளாம்.

அந்தக் கப்பலின் ரெவெல் மாடல் கிட் கையில் கிடைத்ததும் அதன் முடிவைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் எம்டன் சிக்கியது. மூன்று புகைபோக்கிகளும் முன்பாய்மரமும் போய்விட்டன. கப்பல் மூழ்கிவிடாமலிருக்க, கேப்டன் ஃபான் முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஏற்றிவிட்டார்.

கிட்டின் அளவு 1/350. 118 மீட்டர் கப்பல் 34 சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. முதலில் ஒழுங்காக ஒட்டவேண்டும், அப்புறம்தான் உடைக்கமுடியும். உடைப்பதும் லேசில்லை. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்பது நிஜத்தில் 35 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்பு. அப்படியே ஓட்டை போட்டால் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். உள்பக்கமாகச் சுரண்டிச் சுரண்டி, வெளிச்சம் தெரியுமளவு மெலிதாக்கிய பிறகே கத்தி வைத்தேன். புகைபோக்கிகளை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தேன்.

பிறகு துரு. நான் ரொம்ப ரசித்துச் செய்த வேலை அது. ஸ்பாஞ்சில் பழுப்பு, அதன்மேல் ஆரஞ்சு, கீழ்நோக்கி வழியும் கறைகள். பத்து நாள் ஆனது. பார்த்தவர்கள் எல்லாரும் துருவைத்தான் பாராட்டினார்கள்.

அம்மா மட்டும் கேட்டாள், “ஆளுங்க எங்கடா?”

“எல்லாரும் போயிட்டாங்கம்மா.”

“எப்போ?”

பதில் வரவில்லை. நவம்பர் 9 அன்று அந்தக் கப்பலில் இந்தத் துரு இருந்திருக்காது. கரியும் சாம்பல் நிற பெயின்டும்தான் இருந்திருக்கும். துரு வந்தது ஆட்கள் போன பிறகு. இரண்டையும் ஒரே கப்பலில் வைக்கமுடியாது. அந்தச் சண்டையில் 130 பேருக்குமேல் செத்தார்கள். பிழைத்தவர்கள் மறுநாள்வரை அந்தப் பாறையில்தான் கிடந்தார்கள். நான் அழகான துருவைப் பூசி, அந்த ஒரு நாளைத் தாண்டிப் போயிருந்தேன்.

ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பத்து நாள் வேலை அரை மணியில் போனது. கிட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடாக்கி இழுத்தால் நூல்போல வரும். அதை வெட்டி ஆட்கள் செய்தேன். ஓர் ஆள் ஐந்து மில்லிமீட்டர். சிலரை நிற்கவைத்தேன், பலரைப் படுக்கவைத்தேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இவனுங்கதான் பாட்டிய ஓட விட்டவனுங்களா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், “குடிக்கத் தண்ணி இருந்துச்சா அங்க?”

“இல்லம்மா. ரொம்பத் தவிச்சுட்டாங்க.”

“ச்சு” என்றாள்.

அதன்பிறகு அவள் என்னை எம்டன் என்று கூப்பிட்டதாக ஞாபகமில்லை.