வெள்ளிக்காக அழிந்த படங்கள்

காஞ்சியில் பழைய பட்டுச் சேலையை விலைக்குக் கேட்டு வருவோர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது சேலையன்று, சரிகை. பட்டை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பர். முசரவாக்கத்தில் தறி வைத்திருக்கும் பங்கு அன்பர் ஒருவர் இதை விவரித்தபோது, நம் பழந்திரைப்படங்களின் கதையும் இதுவே அன்றோ என எண்ணினோம்.

படச்சுருளின் பூச்சிலும் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தால் இனி வருவாயில்லை என்று கருதியோர் சுருள்களை வெள்ளிக்காக விற்றனர். எஞ்சிய நைட்ரேட் சுருள்களுள் பல தீப்பற்றி எரிந்தன. மற்றவை வெப்பத்தாலும் ஈரத்தாலும் மக்கின. தமிழின் முதற் பேசும்படமெனப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

தப்பியவற்றைச் செப்பனிடுவது எளிதன்று. பந்துலு இயக்கிய 'கர்ணன்' (1964), புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் நூறு நாட்களுக்கு மேல் ஓடியதை வாசகர்கள் மறந்திரார். நொடிக்கு 24 படங்கள் என்றால், மூன்று மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,59,000 படங்கள்! இத்தகைய பணியில் அத்தனையையும் கணினியில் பதித்து, கீறலும் தூசியும் நீக்கி, வெளிறிய வண்ணத்தை மீட்க வேண்டும். கிழிந்த பட்டில் இழையோட்டும் பொறுமை வேண்டும்.

ஆனால் செப்பனிடுதல் வேறு, புதுப்பூச்சு வேறு. கறுப்பு வெள்ளையில் எடுத்த தெலுங்கு 'மாயாபஜா'ருக்கு 2010-இல் வண்ணம் தீட்டினர். நமக்கு அது உவப்பாயில்லை. பழைய மரச் சுரூபத்துக்கு எனாமல் பூசும் வழக்கமே நினைவுக்கு வந்தது. (திருவிழாக் குழுவினர் பொறுத்தருள்க.)

புனித ஜோன் ஆப் ஆர்க்கின் விசாரணையையும் மரணத்தையும் காட்டும் மௌனப்படம் ஒன்றை டிரையர் என்பார் 1928-இல் அளித்தார். மூலச் சுருள் தீக்கிரையாயிற்று. 1981-இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் அதன் பழைய பிரதி கிடைத்தது! யாரோ ஒருவர் அதை எறியாது வைத்திருந்தார். திருச்சபையும் 1959-இல், இருபத்துமூன்றாம் அருளப்பர் காலத்தில், வத்திக்கானில் திரைப்படக் காப்பகம் நிறுவிற்று.

நம் இல்லங்களின் பரண்களிலும் திருமணம், புதுநன்மை, தேர்பவனி ஆகியவற்றின் வீடியோ நாடாக்கள் கிடக்கின்றன. அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகின்றது. மறைந்த தந்தையின் குரல் வேறெங்கும் பதிவாகாத குடும்பங்களும் உள. இவற்றைக் கணினியில் பதிவு செய்து தர நம் பங்கு இளைஞர் சிலர் முன்வந்துள்ளனர். நாடாவின்மேல் குடும்பப் பெயரும் ஆண்டும் எழுதி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்தில் கொடுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள்.